மாத்திரை போட்டால் கர்ப்பப்பை கெட்டுவிடுமா?

குடியாத்தம் பக்கம் ஒரு அரசு பெண்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். மாதவிடாய் வலியில் சுருண்டு கிடக்கும் பிள்ளையைப் பார்க்காத மாதமே கிடையாது. அதில் ஒருத்தி மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. கைக்குட்டையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் அடிவயிற்றை அழுத்திப் பிடித்திருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. வாந்தி வருமென்று காலையில் சாப்பிடவும் இல்லை.

"மாத்திரை போட்டா பின்னாடி குழந்தை பொறக்காதுன்னு ஆயா சொல்லுது மிஸ்."

அவள் அம்மா பீடி சுற்றுபவர். கூப்பிட்டனுப்பியதும் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்தார். "நாங்கல்லாம் தாங்கலையா டீச்சர்? கல்யாணம் ஆனா சரியாப் போயிடும்" என்றார். பாசமில்லாமல் சொல்லவில்லை, அவருக்கும் அப்படித்தான் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். ஆனால் பதினாறு வயதுப் பிள்ளை கல்யாணம் வரைக்கும் ஏன் துடிக்க வேண்டும்?

ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் அம்மாதான் இருவருக்கும் பொறுமையாக விளக்கினார். கர்ப்பப்பையின் உள்சவ்வில் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள்தான் கர்ப்பப்பையை இறுக்கிப் பிழிகிறது. குமட்டல், வயிற்றுப்போக்குகூட அதனால்தான். மெஃபனமிக் அமிலம், இபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் அந்தச் சுரப்பையே குறைக்கின்றன. அதனால் வலி உச்சத்துக்குப் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காமல், ஆரம்பித்தவுடனே, ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போட வேண்டும். மாதத்தில் ஓரிரு நாள் போடுவதால் குழந்தைப்பேறு கெடாது. அதற்காக மெடிக்கலில் நாமே கேட்டு வாங்குவதும் சரியில்லை. ஆஸ்துமா, அல்சர் இருந்தால் ஆகாது. மெஃபனமிக் அமிலத்தால் அபூர்வமாகக் கடுமையான ஒவ்வாமை வரலாம் என்று 2023-இல் அரசு எச்சரிக்கையே வந்தது. போட்ட பிறகு காய்ச்சலோடு உடம்பில் தடிப்பு வந்தால் நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அடுத்த மாதம் அந்தப் பிள்ளை இரண்டு இட்லி சாப்பிட்டு, மாத்திரையும் போட்டுக்கொண்டு பள்ளிக்கு வந்தாள். கொஞ்சம் வலி இருந்தது, ஆனால் கணக்குப் பரீட்சையை முழுதாக எழுதினாள்.

வெந்நீர் ஒத்தடமும் நன்றாகவே கேட்கிறது. ரப்பர் பை இல்லாதவர்கள் ஸ்டீல் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, துண்டில் சுற்றி அடிவயிற்றில் வைத்துக்கொள்கிறார்கள். வேலூர் வெயிலில் இது வேறா என்று தோன்றும், ஆனாலும் இதம் கிடைக்கும். சுக்குக் கஷாயம் சிலருக்கு ஒத்துப்போகிறது. முடிந்தால் மெதுவாக நடக்கலாம்.

இன்னொரு மாணவிக்கு இதெல்லாம் எதுவுமே கேட்கவில்லை. சில மாதம் முறையாக மாத்திரை எடுத்தும் அப்படியேதான் இருந்தாள். மலம் கழிக்கும்போது வலி, தூரமில்லாத நாட்களிலும் வலி. ஸ்கேனில் சினைப்பையில் சாக்லேட் சிஸ்ட், அதாவது பழைய ரத்தம் தேங்கிய கட்டி, தெரிந்தது. எண்டோமெட்ரியோசிஸ் என்றார்கள், கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு அதற்கு வெளியே வளரும் நோய். இப்போது ஹார்மோன் சிகிச்சையில் இருக்கிறாள், பள்ளிக்கும் ஒழுங்காக வருகிறாள். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் இப்படி இருந்தால், வயசுக்கு வந்த பெண்ணை எப்படி ஸ்கேனுக்குக் கூட்டிப்போவது என்று தயவுசெய்து தயங்காதீர்கள். ஸ்கேன் கருவியை வயிற்றுக்கு மேலேயே வைத்துப் பார்த்துவிடுவார்கள்.