கற்பனை ஒன்றியத்தில் சுங்க வரி எந்தக் கருவூலத்திற்குப் போகும்?

கேள்வி:
நான் எழுதிவரும் நாவலில் அண்டை நாடுகள் ஐந்து சேர்ந்து ஓர் ஒன்றியம் அமைக்கின்றன. துறைமுகம் பெரிய நாட்டிடம் மட்டுமே உண்டு. மலைநாடு ஒன்றை அந்தப் பெரிய நாடு நாற்புறமும் சூழ்ந்திருக்கிறது. கொடி, நாடாளுமன்றம், நாணயம் எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டேன். ஆனால், மலைநாட்டுக்குப் போகவேண்டிய சரக்குக்குத் துறைமுகத்தில் வாங்கும் சுங்கம் யாருக்குச் சேரும் என்ற இடத்தில் கதை நின்றுவிட்டது. இந்த ஒன்றியம் இருபது ஆண்டுகளுக்குள் உடைந்தாக வேண்டும். வாசகர் நம்பும்படி எப்படி உடைப்பது?

பதில் 1:
உங்கள் மலைநாட்டின் அசல், தென்னாப்பிரிக்கா நாற்புறமும் சூழ்ந்திருக்கும் லெசோத்தோ. தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா, நமீபியா, எசுவாத்தினி ஆகியவற்றுடன் அது அங்கம் வகிக்கும் தெற்கு ஆப்பிரிக்கச் சுங்க ஒன்றியம் 1910 முதல் இருந்துவருகிறது. அங்கே வசூலாகும் சுங்கமும் கலால் வரியும் ஒரே பொது நிதியில் சேர்ந்து, ஒரு சூத்திரத்தின்படி பங்கிடப்படுகின்றன. 2002ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி, உறுப்பு நாடுகளிடமிருந்து யார் எவ்வளவு இறக்குமதி செய்கிறார்கள் என்பதை வைத்தே சுங்கப் பங்கு கணக்கிடப்படுகிறது. கலாலின் ஒரு பகுதி வளர்ச்சிக்கென ஒதுக்கப்பட்டு, ஏழை நாடுகளுக்குச் சற்றுக் கூடுதலாகப் போகிறது. சிறிய நாடுகளுக்கு இது நல்ல ஏற்பாடுதான் என்றாலும், லெசோத்தோவும் எசுவாத்தினியும் அரசு வருவாயில் பெரும்பகுதிக்கு இந்த நிதியையே நம்பியிருக்கின்றன. உலகப் பொருளாதாரச் சரிவுக்குப் பின் அந்தப் பங்கு சுருங்கியதால், அப்போது சுவாசிலாந்து என்ற பெயரிலிருந்த எசுவாத்தினி 2011இல் கடும் நிதி நெருக்கடியில் சிக்கியது. உங்கள் மலைநாட்டின் நிதியமைச்சர் துறைமுகத்துக் கப்பல் கணக்கைப் பார்த்துத்தான் ஆசிரியர்களின் சம்பளத் தேதியைக் குறிக்கிறார் என்று எழுதிப் பாருங்கள்.

பதில் 2:
முந்தைய பதில் ஒன்றியம் எப்படி நீடிக்கிறது என்பதையே சொல்கிறது. உடைவதற்கு 1967இல் உருவாகி 1977இல் கலைந்த கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகத்தைப் பாருங்கள். கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்றுக்கும் ரயில், துறைமுகம், அஞ்சல், விமானச் சேவை எல்லாம் பொது. தலைமையகங்களைப் பங்கிட்டபோது ரயிலும் விமானமும் கென்யாவின் நைரோபிக்கும், துறைமுகம் தான்சானியாவின் தார் எஸ் சலாமுக்கும், அஞ்சல் உகாண்டாவின் கம்பாலாவுக்கும் போயின. 1971இல் உகாண்டாவில் இடி அமீன் ஆட்சியைக் கைப்பற்றியதும் அவருடன் ஒரே மேசையில் அமர தான்சானிய அதிபர் நியரேரே மறுத்துவிட்டார். மூன்று அதிபர்களும் கூடினால்தான் முடிவெடுக்க முடியும் என்றிருந்த மன்றம் அதன்பின் கூடவேயில்லை. கடைசியில் தான்சானியா கென்ய எல்லையை மூடியது. 1983 வரை திறக்கவில்லை. சொத்துப் பங்கீடு 1984இல்தான் முடிந்தது. பாகப்பிரிவினை நடந்த வீட்டைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல: பாத்திரம் யார் வீட்டில் கிடந்ததோ, அவருக்கே.

பதில் 3:
ஒரு சிறு திருத்தம். அந்த மூன்று நாடுகளும் பொதுவாகப் புழங்கிய ஷில்லிங்கை 1966இலேயே கைவிட்டுத் தனித்தனி நாணயம் வெளியிடத் தொடங்கிவிட்டன. அதாவது ஒன்றியம் பிறப்பதற்கு முன்பே விரிசல் விழுந்துவிட்டது. உங்கள் நாவலிலும் முதல் அத்தியாயத்திலேயே யாராவது ஒருவர் சொந்தமாக நோட்டு அச்சடிக்கட்டும்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. அப்படியானால் பொது ரயில்வேயின் தலைமையகத்தை மலைநாட்டில் வைக்கிறேன். எல்லை மூடப்படும் இரவில் எஞ்சின்கள் எல்லாம் துறைமுகத்திலும், அவற்றுக்கான பதிவேடுகள் மலையிலும் இருக்கும்.