என் தம்பிக்கு ஒரு வழி சொல்லுங்கள்

ஏற்காடு, சேலம் சொந்தங்களுக்கு வணக்கம். என் தம்பிக்கு 19 வயது. பத்தாவது பாஸ், பிளஸ் டூவில் கணக்கு போய்விட்டது, அப்புறம் இரண்டு வருடமாக வீட்டில்தான். காப்பிப் பழம் பறிக்கும் நாட்களில் அம்மாவோடு எஸ்டேட்டுக்குப் போவான், மற்ற நாளெல்லாம் கட்டிலில் போனும் கையுமாகக் கிடப்பான், வீட்டுக்கு யாராவது வந்தால் பின்கதவு வழியாக நழுவிவிடுகிறான், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வேலையில்லாதவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகை பத்தாவது பாஸானவருக்கு மாதம் 300 ரூபாய், அதுவும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து 5 வருடம் ஆன பிறகுதான். அவன் வயதுக்கு அது எவ்வளவு பெரிய காலம்! 2022-இல் வந்த, திறன் பயிற்சி தரும் ‘நான் முதல்வன்’ திட்டம் நல்ல திட்டம், ஆனால் பெரும்பாலும் பள்ளி, கல்லூரி வழியாகத்தானே பிள்ளைகளை எட்டுகிறது, இவன் இரண்டிலும் இல்லை.

அதனால் ஐடிஐ (தொழிற்பயிற்சி நிலையம்) பற்றி யோசிக்கிறேன், பத்தாவது போதும் என்கிறார்கள். சேலம் அரசு ஐடிஐயில் படித்த அண்ணன்மார் யாராவது இருந்தால் சொல்லுங்கள், விடுதி கிடைக்குமா, எலக்ட்ரீஷியனா ஃபிட்டரா எதில் சேர்க்கலாம்? தினமும் மலை இறங்கி ஏறிப் படித்தவர்கள் இருக்கிறீர்களா? அவனிடம் ஒரு தடவை பேச முடிந்தால் இன்னும் நல்லது, நான் சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறான்.