பன்னிரண்டாவது பெயர்

சியாட்டில் வீட்டுக் குழு
ஆகஸ்ட் 12, 2023, சனிக்கிழமை இரவு

தம்பி: வீடு வந்து சேர்ந்துவிட்டோம். நம் மரினர்ஸ் பேஸ்பால் அணியின் புகழ் மண்டபத்தில் இன்று சேர்க்கப்பட்ட பந்து வீச்சாளர் (பிட்ச்சர்) ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸ் பேச எழுந்தபோது கிளம்பிய ஆரவாரம் இன்னும் காதிலேயே நிற்கிறது.

அத்தை: நான் தொலைக்காட்சியில் பார்த்தேன். பதினாறு வயதில் வெனிசுவேலாவில் ஒப்பந்தம் போட்ட பிள்ளை. வேறு எந்த அணிக்கும் ஒரு முதன்மை லீக் ஆட்டத்தில்கூட வீசாமல் பதினைந்து சீசன் இங்கேயே ஆடினான். பார்த்துக்கொண்டே அழுதுவிட்டேன்.

அண்ணன்: 169 வெற்றி, மட்டைக்காரரைப் பந்தை அடிக்கவிடாமலே வெளியேற்றும் ஸ்டிரைக் அவுட் 2,524. 2012 ஆகஸ்ட் 15இல் டாம்பா பே அணியின் 27 பேர் மட்டை பிடிக்க வந்தார்கள். 27 பேரையும், அடித்துவிட்டு ஓடித் தொட வேண்டிய பேஸ்களில் ஒன்றைக்கூடத் தொடவிடாமல் திருப்பி அனுப்பினார். அதைத்தான் பெர்ஃபெக்ட் கேம் என்பார்கள். அதற்கு அடுத்த பெர்ஃபெக்ட் கேம் வரப் பதினொரு வருடம் ஆனது, இந்த ஜூனில்தான் வந்தது.

அண்ணி: மாமா, மரினர்ஸ் புகழ் மண்டபத்தில் இவர் பதினொன்றாவது என்று அறிவித்தார்களே, மற்ற பத்துப் பேர் யார்? எனக்கு இச்சிரோவை மட்டும்தான் தெரியும்.

பெரியப்பா: சொல்கிறேன் அம்மா. முதலில் ஆல்வின் டேவிஸ், 1997இல். பிறகு நம் வானொலிக் குரல் டேவ் நீஹாஸ். ஜே பியூனர், எட்கர் மார்ட்டினெஸ். 2012இல் பிட்ச்சர் ராண்டி ஜான்சனும் அவர் வீசிய பந்துகளைப் பிடிக்கும் கேட்சராக இருந்த டேன் வில்சனும் ஒரே நாளில். அடுத்து கென் கிரிஃபி, மேலாளர் லூ பினெல்லா, ஜேமி மோயர், போன வருடம் இச்சிரோ. இன்றைக்கு ஃபெலிக்ஸ்.

அண்ணி: விளையாடாதவர்களும் இருக்கிறார்களா?

அத்தை: நீஹாஸ் இல்லாத மண்டபம் எனக்கு மண்டபமே இல்லை. 1977இல் அணி பிறந்த நாள் முதல் 2010 வரை அவர் குரல்தான். இந்த ஊருக்கு வந்த புதிதில் எனக்கு ஆங்கிலம் பேசப் பயம். சமையலறையில் வானொலியை வைத்துக்கொண்டு அவரைக் கேட்டுக் கேட்டுத்தான் காது பழகியது.

தம்பி: சரி, பன்னிரண்டாவது யார்? மைதானத்திலிருந்து ரயிலில் வரும் வழியெல்லாம் எனக்கும் அக்காவுக்கும் இதே வாக்குவாதம். குழுவில் எல்லோரும் சொல்லுங்கள்.

அண்ணன்: முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். இந்த அணியின் சீருடையில் ஐந்து சீசன், ஓய்வுபெற்று இரண்டு வருடம். நெல்சன் குரூஸ் நான்கு சீசனில் 163 ஹோம் ரன், அதாவது பந்தை வேலிக்கு வெளியே, அடித்தார். இருந்தும் கணக்கில் வரமாட்டார்.

அத்தை: அப்படியென்றால் மைக் கேமரனும் இல்லையா? கிரிஃபியைக் கொடுத்து வாங்கி வந்த பிள்ளை. அந்த இடத்தில் நிற்பதே பெரும் பாரம். வந்த முதல் மாதத்திலேயே டெரெக் ஜீட்டர் அடித்த பந்தை வேலிக்கு மேல் தாவிப் பிடித்தான். 2002 மே 2இல் ஒரே ஆட்டத்தில் நான்கு ஹோம் ரன்!

அண்ணன்: நான்கு சீசன்தான் அத்தை. விதி விதிதான்.

அத்தை: ஒரு வருடத்துக்காக அவனை வெளியே நிறுத்துவது எனக்கு மனம் ஒப்பவில்லை. என் வீட்டு மண்டபத்தில் அவன் இருக்கிறான்.

தம்பி: நான் சொல்லப்போகும் பெயருக்கு எல்லோரும் கோபப்படுவீர்கள். அலெக்ஸ் ரோட்ரிகெஸ்.

பெரியப்பா: வேண்டாம்.

தம்பி: காரணத்தைக் கேளுங்கள் பெரியப்பா. 18 வயதில் இங்கே ஆட வந்தார். 21 வயதில் .358 சராசரியோடு அமெரிக்கன் லீகின் சிறந்த மட்டையாளர். 1998இல் 42 ஹோம் ரன்னும் 46 திருட்டு பேஸும் ஒரே சீசனில். இந்தச் சீருடையில் 189 ஹோம் ரன். இவர் ஆடியதை விட்டுவிட்டு அந்த வருடங்களின் கதையை எப்படிச் சொல்வது?

அண்ணி: திருட்டு பேஸ் என்றால்?

அண்ணன்: பந்தை யாரும் அடிக்காமலே, பிட்ச்சர் வீசத் தொடங்கும் நொடியில் அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிப்பது. பெரியப்பாவின் ஆள் அதில் வல்லவர், இப்போது பாருங்கள், வருவார்.

பெரியப்பா: வருவேன். முதலில் இதற்குப் பதில் சொல்கிறேன். 2000 முடிந்ததும் ரோட்ரிகெஸ் 252 மில்லியன் டாலருக்கு டெக்சஸ் அணிக்குப் போனார். அடுத்த ஏப்ரலில் இங்கே ஆட வந்தபோது ஜனங்கள் போலி டாலர் நோட்டுகளை வீசினார்கள். நான் வீசவில்லை, ஆனால் வீசியவர்களைத் தடுக்கவும் இல்லை.

நான்: பெரியப்பா, போனது குற்றம் என்று நான் நினைக்கவில்லை. கிரிஃபி தானே கேட்டுத்தான் சின்சினாட்டிக்குப் போனார். ராண்டி ஜான்சன் 1998இல் நடு சீசனில் போனார். இருவரும் மண்டபத்தில் இருக்கிறார்கள், இருக்கவும் வேண்டும். என் மறுப்பு வேறு. டெக்சஸில் ஊக்கமருந்து எடுத்ததாக ரோட்ரிகெஸ் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டார். பிறகு மறுபடியும் சிக்கி 2014 சீசன் முழுவதும் தடையில் இருந்தார்.

தம்பி: இரண்டும் சியாட்டிலை விட்ட பிறகு நடந்தவை அக்கா. இங்கே ஆடிய வருடங்களில் என்ன தவறு?

நான்: அவர் இங்கே அடித்த 189ஐ யாரும் அழிக்கவில்லை. புத்தகத்தில் இருக்கிறது, இருக்கட்டும். மண்டபத்தில் சேர்ப்பது என்றால் 40,000 பேர் எழுந்து நின்று நன்றி சொல்வது. இன்று ஃபெலிக்ஸுக்காக நாம் நின்றோமே, அந்த மனதோடு அவருக்காக உன்னால் நிற்க முடியுமா?

தம்பி: யோசிக்க வேண்டும்.

அண்ணன்: நான் பிரெட் பூன் பக்கம். 2001இல் 116 வெற்றி. 1906இல் சிகாகோ கப்ஸ் வைத்த சாதனைக்குச் சமம். அந்த அணியிலிருந்து இச்சிரோ, எட்கர், மோயர், வில்சன், பியூனர், மேலாளர் பினெல்லா எல்லோரும் உள்ளே. அதே வருடம் .331 சராசரி, 37 ஹோம் ரன் அடித்து, 141 ரன் கொண்டுவந்து லீகிலேயே முதலிடத்தில் நின்ற இரண்டாம் பேஸ்காரர் மட்டும் வெளியே. 2003இல் மறுபடி 35 ஹோம் ரன். தடுப்பாட்டத்துக்குத் தங்கக் கையுறை 2002, 2003, 2004 என வரிசையாக மூன்று. ஏழு சீசன்களில் இந்தச் சீருடை அணிந்தவர். இதில் எது குறைவு?

தம்பி: இதற்கு என்னிடம் பதில் இல்லை. பூன் வலுவான பெயர்தான்.

அத்தை: கேமரன் நான்கு ஹோம் ரன் அடித்த அன்று, முதல் இன்னிங்ஸிலேயே பூனும் அவனும் இரண்டு முறை அடுத்தடுத்து ஹோம் ரன் அடித்தார்களே! ஒரே இன்னிங்ஸில் அப்படி இரண்டு முறை யாரும் அதற்கு முன் செய்ததில்லை. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தது நினைவிருக்கிறது.

பெரியப்பா: இப்போது நான் எழுதுகிறேன். குறுக்கே யாரும் வராதீர்கள், எனக்குத் தட்டச்சு மெதுவாகத்தான் வரும்.

பெரியப்பா: நான் ரென்டன் போயிங் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தது 1986. அப்போது ஆட்டம் கிங்டோம் என்ற பழைய மைதானத்தில். கான்கிரீட் கூரை, பச்சைத் தரைவிரிப்பு, பாதிக்கு மேல் காலி இருக்கைகள். அணி பிறந்து பதினைந்தாவது வருடமான 1991இல்தான் தோல்விகளைவிட வெற்றிகள் கூடுதலாக வந்தன. அதற்கு முன்பு ஆடியவர்களை இன்று யாரும் பேசுவதில்லை. ஆல்வின் டேவிஸை முதலில் சேர்த்தார்கள், அதற்கு நான் கை கூப்புகிறேன். அவருக்குப் பக்கத்தில் இரண்டாம் பேஸில் நின்றவர் ஹரால்ட் ரெனால்ட்ஸ். 1983 முதல் 1992 வரை பத்து சீசன். 1987இல் 60 திருட்டு பேஸ். 1980களில் ரிக்கி ஹெண்டர்சனைத் தவிர அமெரிக்கன் லீகில் அதில் முதலிடம் பிடித்தவர் அவர் ஒருவர்தான். தங்கக் கையுறை மூன்று. 1991இல் ராபெர்டோ கிளெமென்டே விருது, அது மைதானத்துக்கு வெளியே ஊருக்குச் செய்த தொண்டையும் பார்த்துக் கொடுப்பது. ஆலையில் இரவு வேலை முடித்துத் தூங்காமல் ஞாயிறு ஆட்டத்துக்குப் போவேன். தோற்பார்கள் என்று தெரியும். ரெனால்ட்ஸ் முதல் பேஸில் நின்றால் போதும், காலி இருக்கைகள் நடுவில் உட்கார்ந்திருந்த நாங்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து உட்காருவோம்.

நான்: பெரியப்பா, இவ்வளவும் நீங்கள் எங்களிடம் சொன்னதே இல்லை.

பெரியப்பா: யாரும் கேட்கவில்லை அம்மா.

தம்பி: அதே காலத்து மார்க் லாங்ஸ்டன்?

பெரியப்பா: அருமையான பிட்ச்சர். ஸ்டிரைக் அவுட்டில் மூன்று வருடம் லீகில் முதலிடம். ஆனால் அவரைக் கொடுத்துத்தான் 1989இல் ராண்டி ஜான்சனை வாங்கினோம். ராண்டி உள்ளே போனதிலேயே அவருக்கும் பங்கு கிடைத்துவிட்டது என்று எண்ணிக்கொள்கிறேன்.

அத்தை: இன்னொன்று. இன்று என்ன தேதி? 2015இல் இதே ஆகஸ்ட் 12இல், இன்று வந்த இதே பால்டிமோர் அணிக்கு எதிராக, ஒரு ஹிட்டும் கொடுக்காமல் முழு ஆட்டத்தையும் வீசியவர் ஹிசாஷி இவாகுமா. எவ்வளவு அடக்கமான மனிதர்! அவர் பெயரையும் குறித்துவையுங்கள்.

அண்ணன்: குறித்துவிட்டேன் அத்தை. ஆறு சீசன், விதிக்குள் வருகிறார்.

நான்: என் பெயரைச் சொல்லும் நேரம் வந்துவிட்டது. கைல் சீகர்.

தம்பி: ரயிலில் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். வாழ்நாள் சராசரி .251. லீகின் நட்சத்திர அணியான ஆல்ஸ்டாரில் ஒரே ஒரு முறை. நல்ல ஆட்டக்காரர், அவ்வளவுதான். எட்கருக்கும் இச்சிரோவுக்கும் பக்கத்தில் நிறுத்த முடியுமா?

நான்: பக்கத்தில் நிறுத்தச் சொல்லவில்லை. டேன் வில்சனையும் மட்டையை மட்டும் பார்த்து யாரும் உள்ளே அழைக்கவில்லையே. சீகர் 2011 முதல் 2021 வரை பதினொரு சீசன், 1,480 ஆட்டங்கள். எட்கர், இச்சிரோ, கிரிஃபி மூவர் மட்டும்தான் இந்த அணிக்கு அதைவிட அதிகம் ஆடியவர்கள். ஹோம் ரன் 207. கிரிஃபி, எட்கர், பியூனர், அடுத்தது சீகர். தம்பி சொன்ன ரோட்ரிகெஸ் அவருக்குப் பின்னால்தான். அதைவிட முக்கியம், அந்தப் பதினொரு வருடங்களில் எத்தனை மேலாளர்கள், எத்தனை புதுத் திட்டங்கள், எத்தனை பேர் வந்து போனார்கள். மூன்றாம் பேஸை மட்டும் நாம் நிமிர்ந்து பார்க்கவே தேவை இருக்கவில்லை. அவர் அங்கே இருப்பார். நான் கல்லூரிக்குப் போனேன், வேலைக்குச் சேர்ந்தேன், அப்பாவை இழந்தேன். அந்தக் கோடையிலும் வானொலியைப் போட்டால் மூன்றாம் பேஸில் சீகர். 2021 அக்டோபர் 3, சீசனின் கடைசி நாள். சீசனுக்குப் பிறகு நடக்கும் பட்டத்துக்கான ஆட்டங்களில், பிளேஆஃபில், ஆடும் வாய்ப்பு அன்றைக்குத்தான் கைநழுவியது. ஒன்பதாவது இன்னிங்ஸில் அவரை வெளியே அழைத்தார்கள். சக ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகக் கட்டிப்பிடிக்க, அவர் அழுதுகொண்டே உள்ளே போனார். அந்த சீசனில் 35 ஹோம் ரன், 101 ரன் கொண்டுவந்தவர். அணி ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. அந்த டிசம்பரிலேயே ஓய்வு அறிவித்துவிட்டார்.

அண்ணி: ஒரு சந்தேகம். நான் இந்த ஊருக்கு வந்து பார்த்த முதல் ஆட்டம் போன செப்டம்பர் 30. கால் ராலே ஹோம் ரன் அடித்து முடித்தாரே, முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். 21 வருடம் கழித்துப் பிளேஆஃப் என்றார்கள். அப்படியென்றால் சீகர் பதினொரு வருடம் ஆடியதும் முழுக்க அந்த 21க்குள்ளேயா?

நான்: முழுக்க.

அண்ணி: ஒரே ஒரு வருடம் முன்னால் போய்விட்டார். நான் வந்த முதல் நாளே பார்த்ததை அவர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

அத்தை: ஃபெலிக்ஸும்தான் அம்மா. பதினைந்து சீசனில் ஒரு பிளேஆஃப் பந்துகூட வீசவில்லை.

தம்பி: அண்ணி சொன்னதை நான் இப்படி யோசிக்கவில்லை. ஆனால் அக்கா, அணி தோற்றதற்கு ஆறுதலாக மண்டபத்தில் இடம் கொடுக்க முடியாது.

நான்: ஆறுதல் யார் கேட்டார்? 207 ஹோம் ரன் ஆறுதலா? 2014இல் தங்கக் கையுறை ஆறுதலா? வென்ற வருடங்களில் ஆடியவர்களுக்கு வெற்றியே சாட்சி சொல்லிவிடும். தோற்ற வருடங்களில் தினமும் ஒழுங்காக ஆடியவருக்குப் பார்த்தவர்கள்தான் சாட்சி. பெரியப்பா ரெனால்ட்ஸுக்குச் சொன்ன அதே சாட்சியைத்தான் நான் சொல்கிறேன்.

பெரியப்பா: உன் பெயரை நான் ஒப்புக்கொள்கிறேன். சீகர் உள்ளே வர வேண்டியவர்தான். ஆனால் அடுத்தவர் ரெனால்ட்ஸாக இருக்கட்டும்.

நான்: ஏன் பெரியப்பா?

பெரியப்பா: சீகருக்கு வயது 35. ரெனால்ட்ஸுக்கு 62. அவர் ஆடியதை நேரில் பார்த்த எனக்கு 70. நீஹாஸ் 2000இல் மண்டபத்துக்குள் போனார், பத்து வருடம் அந்தப் பெருமையோடு இருந்துவிட்டுப் போனார். அது அவருக்கு வாய்த்தது.

அத்தை: அண்ணா, இப்படியெல்லாம் பேசாதீர்கள்.

பெரியப்பா: உண்மையைத்தான் சொல்கிறேன். கிங்டோமையே 2000இல் வெடிவைத்து இடித்துவிட்டார்கள். அங்கே ஆடியவர்களையாவது நாம் மறக்காமல் இருக்கலாம்.

அண்ணன்: 2012இல் ராண்டியையும் வில்சனையும் சேர்த்தே அழைத்தார்களே. ரெனால்ட்ஸையும் சீகரையும் ஒரே நாளில் அழைத்தால் என்ன? பூன் அடுத்த வருடம் வரட்டும், நான் விட்டுக்கொடுக்கவில்லை.

நான்: எனக்குச் சம்மதம். தனித்தனியாகத்தான் என்றால் ரெனால்ட்ஸ் முதலில். பெரியப்பா கேட்டதற்கு என்னால் மறுத்துச் சொல்ல முடியவில்லை.

தம்பி: ரோட்ரிகெஸைப் பற்றி யோசித்துவிட்டேன் அக்கா. என்னால் எழுந்து நிற்க முடியாது. கை தட்டுவேன், உட்கார்ந்துகொண்டு.

பெரியப்பா: நாளை மதிய ஆட்டத்துக்கு எனக்கும் ஒரு டிக்கெட் எடுக்க முடியுமா? அலமாரியில் ரெனால்ட்ஸின் நான்காம் எண் சட்டை இருக்கிறது. நிறம் மங்கிவிட்டது, ஆனால் போட்டுக்கொள்ளலாம்.

நான்: எடுத்துவிட்டேன் பெரியப்பா. மூன்றாம் பேஸ் பக்கம், நிழல் விழும் வரிசை. 11 மணிக்கு வந்து அழைத்துக்கொள்கிறேன். நான் 15ஆம் எண் சட்டையில் வருவேன்.

அத்தை: தயிர் சாதம் கட்டித் தருகிறேன். வெயிலில் தொப்பி இல்லாமல் அண்ணாவை உட்கார வைக்காதே.