அம்மாவின் குதிகாலில் இருந்த கரும்புள்ளி

அம்மாவுக்கு இடது குதிகாலில் மிளகளவு ஒரு கரும்புள்ளி இருந்தது. வயலில் வெறுங்காலோடு நடக்கிறவர், முள் குத்தி ரத்தம் கட்டியிருக்கும் என்று இரண்டு வருஷம் விட்டுவிட்டோம். ஊக்கு வைத்து அவரே கிளறியும் பார்த்திருக்கிறார். மருந்துக்கடையில் ஆணிக்கால் என்று பிளாஸ்டர் கொடுத்தார்கள்.

ஒருநாள் மருதாணி வைத்துவிட அவர் பாதத்தை மடியில் எடுத்து வைத்தபோதுதான் சரியாகப் பார்த்தேன். ஒரு ரூபாய்க் காசு அகலம். ஓரம் சீராக இல்லை. ஒரு பக்கம் கன்னங்கரேல், மறுபக்கம் பழுப்பு, நடுவில் கசிவு.

சதையைக் கொஞ்சம் எடுத்துச் சோதித்த பயாப்சியில் மெலனோமா, அதாவது ஒருவகைத் தோல் புற்றுநோய் என்று வந்தது. நம் நிறத்துக்கு இதெல்லாம் வராது என்றே நம்பியிருந்தேன். மாநிறமும் கறுப்புமான தோலில் இந்த வகை அதிகம் வருவதே உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில்தானாம். அங்கே வெயில் பெரிய காரணமும் இல்லை என்றார் டாக்டர். பாடகர் பாப் மார்லிக்கும் 1977-இல் கால் பெருவிரல் நகத்தடியில்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். 1981-இல், 36 வயதில் போய்விட்டார்.

அம்மாவுக்கு 3 மி.மீ. ஆழம். சுற்றிலும் 2 செ.மீ. சதையோடு வெட்டியெடுத்து, தொடைத்தோலை வைத்துத் தைத்தார்கள். தொடையிடுக்கு நிணநீர்க் கணுவையும் எடுத்துச் சோதித்தார்கள். பரவவில்லை. அந்த ரிப்போர்ட் வரும்வரை வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

*

அக்கா, உங்கள் பதிவைப் படித்தேன். என் தம்பிக்கு வெயில்தான் எமன். பிறவியிலேயே தோலுக்கு நிறம் தரும் மெலனின் இல்லாதவன். முடி, புருவம் எல்லாம் வெள்ளை. செங்கல் சூளையில் வேலை. கீழுதட்டில் ஒரு புண் பொருக்குத் தட்டும், மறுபடி வெடிக்கும். சுண்ணாம்பு பட்டிருக்கும் என்று நான்கு மாதம் விட்டோம். பார்த்தால் தோல் புற்றுநோயில் இன்னொரு வகையான ஸ்குவாமஸ் செல் புற்றுநோய். ஒரு மாதம் ஆறாத புண்ணை இனி நாங்கள் சும்மா விடமாட்டோம்.

இப்போது முழுக்கைச் சட்டை, காதும் பிடரியும் மறையும்படி துண்டு, எஸ்.பி.எஃப் 50 சன்ஸ்கிரீன். வியர்வையில் போய்விடுவதால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூச வேண்டும். அந்தச் செலவு எங்களுக்குச் சுமைதான். அதனால் 10 மணி முதல் 4 மணி வரை நிழலில் கணக்கு எழுதும் வேலையைக் கேட்டு வாங்கினோம்.

*

அக்கா, இதைப் படித்துவிட்டு அப்பாவின் காலைப் பார்த்தேன். கட்டைவிரல் நகத்தில் நீளவாக்கில் கறுப்புக் கோடு இருக்கிறது. பயமாக இருக்கிறது.

*

தம்பி, மற்ற நகங்களையும் பாருங்கள். பல நகங்களில் மெல்லிய கோடு இருந்தால் நம் நிறத்தில் அது சகஜம். அந்த ஒரே நகத்தில் மட்டும் இருந்து, அகலமாகிக்கொண்டே வந்து, நகத்தை ஒட்டிய தோலுக்கும் கறுப்பு ஏறியிருந்தால் நாளைக்கே தோல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். அதுவரை நகவெட்டியால் கிளறவிடாதீர்கள்.