ஓலான்சபின் சாப்பிடும் தம்பிக்கு சுகர் – மனநல மாத்திரையை நிறுத்தணுமா?

பென்னாகரம்_அக்கா
தம்பிக்கு 34 வயசு. மனச்சிதைவு நோய்க்கு ராத்திரி ஓலான்சபின் 15 மி.கி., கூடவே அந்த மாத்திரையால வர்ற கை நடுக்கம், விறைப்புக்கு டிரைஹெக்ஸிபெனிடில் 2 மி.கி. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரிச் சீட்டு. இப்போ ஆரம்ப சுகாதார நிலையத்துல பார்த்ததுல வெறும் வயித்துல 186, சாப்பிட்ட பிறகு 290, எச்பிஏ1சி (மூணு மாசச் சராசரி சுகர்) 9.1. மெட்ஃபார்மின் 500 ரெண்டு வேளையும், காலையில கிளிமிபிரைடு 1 மி.கி.யும் எழுதியிருக்காங்க. அவன் பத்து மணிக்கு முன்னாடி எழுந்திருக்க மாட்டான். அதனால ஏழு மணிக்கே அரைத்தூக்கத்துல அம்மா மாத்திரையைக் கொடுத்துடுறாங்க. சுகர் வந்தது ஓலான்சபினாலதானா? நிறுத்திடலாமா? சுகர் மாத்திரையையும் வேண்டாம்னு துப்புறான், களியில கலந்து கொடுக்கலாமா? விரல்ல குத்தவும் விடமாட்டேங்கிறான்.

மனநலச்செவிலி_தருமபுரி
அக்கா, அந்த ஏழு மணி மாத்திரையை நாளைக்கே மாத்துங்க. மத்ததெல்லாம் அப்புறம்.

கிளிமிபிரைடு கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். வயித்துல சோறு இருக்கா இல்லையான்னு அது பார்க்காது. ஏழு மணிக்கு மாத்திரை, பத்தரைக்குச் சாப்பாடுன்னா நடுவுல சுகர் 70க்குக் கீழே இறங்கலாம். அதுவும் தூக்கத்துல இறங்கினா யாருக்கும் தெரியாது, ஓலான்சபின் மயக்கம்னு நினைச்சு விட்டுடுவாங்க. தட்டு முன்னால வந்த பிறகுதான் மாத்திரை. சாப்பாடு இல்லைன்னா கிளிமிபிரைடும் இல்லை. விட்ட மாத்திரையைச் சேர்த்து அடுத்த வேளைக்கு ரெண்டாக் கொடுக்கவும் கூடாது. ஓலான்சபினை ராத்திரி பத்துக்குப் பதிலா எட்டு மணிக்குக் கொடுக்கலாமான்னு மனநல டாக்டர்கிட்ட கேளுங்க. பல பேர் காலையில கொஞ்சம் முன்னாடியே தெளிஞ்சு எழுந்திருப்பாங்க.

திடீர்னு வேர்த்துக் கொட்டுறது, கை நடுக்கம், காரணமில்லாத கோபம், சம்பந்தமில்லாத பேச்சு: இது தாழ்சுகராவும் இருக்கலாம், நோய் திரும்பினதாவும் இருக்கலாம். பார்வைக்கு ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கும். அதனால முதல்ல குளுக்கோமீட்டர். குத்த முடியலைன்னா தாழ்சுகர்னே வச்சுக்கிட்டு மூணு டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணியில கரைச்சுக் கொடுங்க. 15 நிமிஷத்துல தெளியலைன்னா இன்னொரு தடவை. தெளிஞ்சதும் சோறோ இட்லியோ சாப்பிட வைங்க. நினைவு இல்லாதவர் வாயில எதையும் ஊத்தாதீங்க, புரையேறிடும். 108க்குக் கூப்பிடுங்க. கிளிமிபிரைடால இறங்கின சுகர் ஏறின பிறகும் மறுபடி இறங்கும், அதனால தெளிஞ்சாலும் அன்னைக்கு ஆஸ்பத்திரியில காட்டிடுங்க.

ஓலான்சபின் விஷயம்: ஆமா, மனநல மருந்துகள்ல அதுவும் குளோசபினும்தான் எடையையும் சுகரையும் அதிகம் ஏத்துறவை. பசியைத் தூண்டும், இன்சுலினுக்கு உடம்பு மசியாமப் பண்ணும். ஆனா நீங்களா நிறுத்தினா நோய் திரும்பும், அப்புறம் சுகர் மாத்திரையும் சேர்ந்து நின்னு போகும். அரிப்பிபிரசோல் மாதிரி சுகரை அவ்வளவா ஏத்தாத மருந்துக்கு மெல்ல மாத்தலாமான்னு டாக்டர் பார்ப்பார். மத்த மருந்து எதுவும் பிடிக்காம ஓலான்சபின்லதான் நிலைச்சிருக்கார்னா, அதை வச்சுக்கிட்டே சுகரைப் பார்க்கிறதுதான் சரி.

களியில கலக்காதீங்க. அவர் பாதியில எழுந்து போனா எவ்வளவு மருந்து உள்ளே போச்சுன்னு தெரியாது. ஒரு தடவை கண்டுபிடிச்சார்னா அப்புறம் வீட்டுச் சாப்பாட்டையே தொடமாட்டார், சந்தேகம் உள்ள நோய்ல இது பெரிய சிக்கல். எது எதுக்குன்னு சொல்லி அவர் கையிலயே கொடுங்க.

குத்துறதுக்கும் அதே வழிதான். மெஷினை அவரே பிடிக்கட்டும். விரல் நுனியில குத்தாம பக்கவாட்டுல குத்தினா வலி குறைவு. நிலைமை சீரா இருந்தா தினமும் வேண்டாம், வாரத்துக்கு ரெண்டு தடவை போதும்: ஒண்ணு வெறும் வயித்துல, இன்னொண்ணு சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு. அதுக்கும் சம்மதிக்கலைன்னா மூணு மாசத்துக்கு ஒரு எச்பிஏ1சி. ரத்தசோகை இருந்தா அந்த எண்ணை அப்படியே நம்ப முடியாது, அதையும் பார்க்கச் சொல்லுங்க.

மருந்தாளுநர்_ஓசூர்
சிஸ்டர் சொன்னதோடு சில விஷயங்கள்.

மெட்ஃபார்மின் ஆரம்பத்தில் வயிற்றைக் கலக்கும். பலரும் இந்தக் கட்டத்தில்தான் நிறுத்திவிடுகிறார்கள். சாப்பாட்டின் நடுவிலோ முடித்த உடனேயோ போடவேண்டும். முதல் வாரம் ஒரு வேளை மட்டும் கொடுத்துப் பிறகு இரண்டாக்கலாமா என்று எழுதிய டாக்டரிடம் கேளுங்கள். மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றினால் அதை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. அந்த வகையின் கூடு சில சமயம் மலத்தோடு வெளியே வரும். மருந்து உள்ளே இறங்கியிருக்கும். தம்பிக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பார்த்துப் பயந்துபோவார். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் பரிசோதனை அவசியம். மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம், அதனாலும் கால் மரத்துப்போகும்; அதற்கு சுகர் மட்டும்தான் காரணம் என்று இருந்துவிடக்கூடாது.

பீடி பிடிப்பவரா? புகை ஓலான்சபினை உடம்பிலிருந்து சீக்கிரம் கழிக்கும். திடீரென விட்டால் ரத்தத்தில் மருந்து ஏறித் தூக்கம் அதிகமாகும். விடவேண்டியதுதான், டாக்டருக்குத் தெரிவித்துவிட்டு விடட்டும்.

நிம்ஹான்ஸ் சீட்டு ஒரு பையிலும் சுகர் நோட்டு இன்னொரு பையிலும் கிடப்பதுதான் நம் பக்கத்துப் பெரிய கோளாறு. ஒரே நோட்டில் இடப்பக்கம் மனநல மருந்து, வலப்பக்கம் சுகர் மருந்து, கீழே எடை, இடுப்புச் சுற்றளவு, பி.பி., சுகர், கொழுப்பு. எந்த டாக்டரிடம் போனாலும் அதை நீட்டுங்கள். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். சுகர், பி.பி. மாத்திரை வீட்டுக்கே வரும். வரும் தன்னார்வலரையே எண்களை நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

களிச்சட்டி_காவேரிப்பட்டணம்
சாப்பாட்டைப் பத்தி யாரும் சொல்லலையே. கேழ்வரகு சுகருக்கு நல்லதுன்னு ரெண்டு பெரிய உருண்டை களி வைக்கிறாங்க. கேழ்வரகிலயும் நூறு கிராமுக்கு எழுபது கிராம் பக்கம் மாவுச்சத்துதான். ஒரு சின்ன உருண்டை, தட்டுல பாதிக்குக் கீரை, அவரை, கொள்ளுக் கடைசல். கூழாக் கரைச்சா மளமளன்னு குடிச்சிடுவாங்க, அளவு தெரியாது.

ஓலான்சபின் பசி ராத்திரியிலயும் எழுப்பும். அந்த நேரத்துக்குன்னு தட்டைப்பயறுச் சுண்டல், வெள்ளரிக்காய், மோர் கைக்கு எட்டுற இடத்துல இருக்கட்டும். முறுக்கு டப்பாவை வீட்டுலயே வைக்காதீங்க, அவருக்கு மட்டும் மறைச்சு வச்சா சண்டைதான் வரும். டிரைஹெக்ஸிபெனிடில் நாக்கை வறட்டும். அந்த வறட்சிக்குத்தான் பாட்டில் மாம்பழ ஜூஸும் கலரும் உள்ளே போகுது. பக்கத்துல தண்ணி பாட்டில் வைங்க. மாம்பழ சீசன்ல ரெண்டு மூணு துண்டு போதும், அதுவும் அந்த வேளைக் களியைக் குறைச்சுட்டு. இன்னொண்ணு, மாம்பழம் தொட்ட கையோட குத்தினா மீட்டர் கண்டபடி ஏத்திக் காட்டும். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் துடைச்ச பிறகு குத்துங்க.

ஊத்தங்கரை_தம்பி
இடையில ஒரு கேள்வி. அண்ணிக்கு இருதுருவ நோய்க்கு (மனநிலை ரொம்ப ஏறியும் ரொம்ப இறங்கியும் போற பைபோலார்) லித்தியம், கூடவே சுகரும் இருக்கு. அடிக்கடி சிறுநீர் போறாங்க, தாகம் தாங்கலை. சுகர் ஏறினதாலயா?

மருந்தாளுநர்_ஓசூர்
முதலில் சுகரைப் பாருங்கள். அது கட்டுக்குள் இருந்தால் லித்தியமே காரணமாக இருக்கலாம். சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்துவைக்க முடியாமல் போகும். சிறுநீர் அதிகம் போகிறதே என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள், லித்தியம் அளவு ஏறி நஞ்சாகிவிடும். கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து லித்தியம் அளவு, கூடவே கிரியாட்டினின், தைராய்டு பார்க்கச் சொல்லுங்கள். சுகருக்கு டாபாகிளிஃப்ளோசின் சேர்த்தார்களா என்றும் பாருங்கள். அதுவும் சிறுநீரைக் கூட்டும், லித்தியம் அளவையும் இறக்கிவிடும். மூட்டுவலிக்குக் கடையில் நீங்களாக டைக்ளோஃபெனாக் வாங்கிக் கொடுக்காதீர்கள், அது லித்தியத்தை ஏற்றும். வாந்தி, பேதி, கை உதறல், நடை தள்ளாட்டம் இருந்தால் அடுத்த வேளை லித்தியத்தைக் கொடுக்காமல், மாத்திரை அட்டைகளை எல்லாம் எடுத்துக்கொண்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.