சிட்டி விடெக்குக்கு ஆயில் ஃபில்டர்: பேப்பரா, ஸ்டீல் வலையா?

பள்ளத்தூர்_விடெக்

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 2002 மாடல் ஹோண்டா சிட்டி 1.5 விடெக். அப்பச்சி வாங்கியது, இப்போது என் கையில். நான் சென்னையில் இருக்கிறேன், வண்டி பள்ளத்தூர் வீட்டுப் பின்கட்டுக் கொட்டகையில் நிற்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வரும்போதுதான் வெளியே எடுப்பேன். எடுத்தால் மெதுவாக ஓட்டுகிற ஆள் இல்லை. வருஷத்தில் இரண்டு முறை கோவை கரி ரேஸ் ட்ராக்குக்கும் கொண்டுபோவேன். எக்ஸாஸ்ட் மாற்றியிருக்கிறேன், கூம்பு ஏர் ஃபில்டர் போட்டிருக்கிறேன்.

கழுவித் திரும்பப் போடுகிற ஸ்டீல் வலை ஃபில்டர் ஒன்று பார்த்தேன். 35 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), ஆயில் ஓட்டம் அதிகம் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. வாங்கலாமா, இல்லை கம்பெனி பேப்பர் ஃபில்டரே போதுமா? இன்னொன்று, நெடுநாள் நின்று ஸ்டார்ட் பண்ணினால் ஆயில் விளக்கு நாலு வினாடி அணையாமல் நிற்கிறது. என்ஜின் மேல்பக்கம் டக டக சத்தம் வேறு.

ட்ராக்_பைத்தியம்

யோசிக்காமல் ஸ்டீல் வலை போடுங்கள். 7,000 ஆர்பிஎம்மில் பேப்பர் வழியாக ஆயிலைப் பிதுக்குவது வேட்டித் துணியில் பானகம் வடிகட்டுகிற கதைதான். விடெக், அதாவது உச்ச வேகத்தில் வால்வை இன்னும் அதிகமாகத் திறக்கிற ஏற்பாடு, வேலை செய்வதே ஆயில் பிரஷரில். பிரஷர் குறைந்தால் அதற்கான இரண்டாவது கேம் (வால்வைத் தள்ளித் திறக்கிற மேடு) பிடிக்கவே பிடிக்காது. நான் மூன்று வருஷமாக வலைதான் போட்டிருக்கிறேன், என்ஜின் கல்லு மாதிரி இருக்கிறது.

செம்மண்_பட்டறை

தம்பி, நான் காரைக்குடியில் இருபது வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். கம்பெனி ஃபில்டர் போடுங்கள், 5,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்றுங்கள். ஓடவே இல்லை என்றாலும் வருஷத்துக்கு ஒன்று. சில நூறு ரூபாய் விஷயத்துக்கு இத்தனை ஆராய்ச்சி எதற்கு?

வலை ஃபில்டரைக் கழுவுகிறேன் என்று ஒருத்தர் பெட்ரோலில் முக்கி, தலைகீழாக உதறி, அழுக்கை உள்பக்கத்துக்கே தள்ளிக்கொண்டு வந்தார். அந்த அழுக்கு நேராக, என்ஜினின் சுழல்தண்டான கிராங்கைத் தாங்குகிற பேரிங்குக்குத்தான் போகும்.

ட்ராக்_பைத்தியம்

அண்ணே, கழுவத் தெரியாதவர் கையில் எது கிடைத்தாலும் ஆபத்துதான். அது வலையின் குற்றமா?

மைக்ரான்_மாமா

ஓட்டம், ஓட்டம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆயில் பம்ப் ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று அளந்து தள்ளுகிற வகை. ஃபில்டர் தனக்கு வேண்டாம் என்று சொல்ல முடியாது. பேப்பர் கொஞ்சம் தடுத்தால் முன்பக்கம் பிரஷர் ஏறும், ஆயில் போய்க்கொண்டேதான் இருக்கும். ரொம்ப அடைத்தால், இரண்டு பக்கத்துக்கும் சுமார் 1 பார் வித்தியாசம் வந்ததும் பைபாஸ் வால்வு திறந்துவிடும். அப்போது ஆயில் வடிகட்டாமல் போகும், ஆனால் போகும்.

குளிர் நாட்டில் காலையில் ஆயில் தேன்பாகு மாதிரி கெட்டியாக இருக்கும், அங்கே இந்தக் கவலை நியாயம். நம் ஊரில் மார்கழியில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம்.

ட்ராக்_பைத்தியம்

மாமா, பாதிக் கதைதான் சொல்லியிருக்கிறீர்கள். பம்பிலேயே ஒரு ரிலீஃப் வால்வு இருக்கிறதே? உச்ச வேகத்தில் அது திறந்து மிச்ச ஆயிலைக் கீழே கொட்டுகிறது. அந்த நேரத்தில் ஃபில்டர் தடுக்கிற ஒவ்வொரு துளி பிரஷரும் பேரிங்குக்குப் போக வேண்டியது. ட்ராக்கில் நாங்கள் இருப்பது அந்த இடத்தில்தான், கடைத்தெருவில் இல்லை.

மைக்ரான்_மாமா

அது சரி, ஒப்புக்கொள்கிறேன். ரிலீஃப் திறந்த பிறகு ஃபில்டரின் தடை கணக்கில் வரும். ஆனால் சூடான, மெல்லிய ஆயிலுக்கு நல்ல பேப்பர் கொடுக்கிற தடை சொற்பம். அதற்கு விலையாக நீங்கள் என்ன கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள்.

பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே இருக்கிற இடைவெளி 0.02 முதல் 0.05 மில்லிமீட்டர், அதாவது 20 முதல் 50 மைக்ரான். அந்த அளவில் இருக்கிற துகள்தான் இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் உரசும். 1988-இல் ஜெனரல் மோட்டார்ஸ் பொறியாளர்கள் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். 40 மைக்ரான் ஃபில்டரோடு ஒப்பிட்டால் 30 மைக்ரானில் தேய்மானம் பாதியாகக் குறைந்தது, 15 மைக்ரானில் 70 சதவீதம் குறைந்தது.

பெட்டியில் வெறுமனே 35 மைக்ரான் என்று போட்டால் அதற்கு அர்த்தமே இல்லை. 35 மைக்ரான் துகளில் நூற்றுக்கு எத்தனையைப் பிடிக்கும்? ஐம்பதா, தொண்ணூற்றொன்பதா? ஆயில் ஃபில்டர் எவ்வளவு பிடிக்கிறது என்று அளக்கிற ஐஎஸ்ஓ 4548-12 சோதனைப்படி சதவீதம் போட்டிருந்தால் மட்டும் பேசலாம்.

ட்ராக்_பைத்தியம்

அந்தச் சோதனையில் வேண்டுமென்றே தூசியைச் சேர்த்து ஓட்டினார்கள். நம் என்ஜினில் யார் தூசியைக் கொட்டுகிறார்கள்?

மைக்ரான்_மாமா

பள்ளத்தூர் தம்பியேதான் கொட்டுகிறார்! கூம்பு ஏர் ஃபில்டரோடு செம்மண் சாலையில் ஓட்டுகிறாரே. உங்கள் வீட்டுத் திண்ணையைக் காலையில் துடைத்துவிட்டு மத்தியானம் விரலால் தடவிப் பாருங்கள், அப்புறம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

கானாடுகாத்தான்_பினாங்கு

எல்லோரும் மைக்ரானில் நிற்கிறீர்கள். தம்பி கேட்ட நாலு வினாடி விளக்கு என்ன ஆயிற்று? எனக்கு இதே பாடு. நான் பினாங்கில் இருக்கிறேன், ஊரில் வண்டி ஆறு மாதம் நிற்கும், கல்யாணம் காட்சிக்கு வந்தால்தான் எடுப்பேன். செட்டிநாட்டில் பாதி நல்ல வண்டிகளின் நிலைமை இதுதானே. வீடும் பூட்டிக் கிடக்கிறது, வண்டியும் பூட்டிக் கிடக்கிறது.

சிட்டியில் ஃபில்டர் என்ஜினுக்குப் பின்னால் படுத்த வாக்கில் இருக்கிறது. நிறுத்தியதும் ஆயில் திரும்ப வடியாமல் பிடிக்க உள்ளே ஒரு ரப்பர் வால்வு உண்டு. சாதாரண நைட்ரைல் ரப்பர் சூட்டில் விறைத்துப்போகும், சிலிக்கான் அப்படியே மெத்தென்று இருக்கும். அடித்தட்டின் சின்ன ஓட்டைகள் வழியாகக் குச்சியால் தொட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும். நான் சிலிக்கானுக்கு மாறிய பிறகு ஒரு வாரம் நின்றாலும் விளக்கு உடனே அணைகிறது.

செம்மண்_பட்டறை

இவர் சொல்வதுதான் விஷயம். ஆனால் அண்ணே, ஆறு மாதம் நின்றால் எந்த வால்வும் காப்பாற்றாது. ஆயில் எங்கேயாவது வழி தேடி வடிந்துவிடும். அப்படி எடுக்கும்போது பெட்ரோல் வராமல் நிறுத்திவிட்டு ஸ்டார்ட்டரை மட்டும் ஐந்து ஐந்து வினாடியாகச் சுழற்றுங்கள். விளக்கு அணைந்த பிறகு பெட்ரோலைத் திறந்து ஸ்டார்ட் பண்ணுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எந்த ஃபில்டர் போட்டாலும், பழையதைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் கூடவே வந்ததா என்று பாருங்கள். என் பட்டறைப் பையன் ஒருமுறை பார்க்கவில்லை. பழைய வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது, அதன் மேல் புதியதை முடுக்கிவிட்டான். வண்டி திருமயம் கோட்டை கண்ணில் படுகிற தூரம் வரை நன்றாகப் போயிருக்கிறது. அப்புறம் நடுவிலிருந்து ஒரு வளையம் பிதுங்கி, ரோட்டில் கறுப்புக் கோடு போட்டுக்கொண்டே நின்றது. நல்லவேளை, அவர் விளக்கைப் பார்த்ததும் அணைத்துவிட்டார். புது வளையத்தில் விரலால் ஆயில் தடவுங்கள், தொட்டதிலிருந்து கையால் முக்கால் சுற்று. ஸ்பானரைக் கழற்ற மட்டும் எடுங்கள்.

ட்ராக்_பைத்தியம்

வால்வு விஷயத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. என் வண்டி நிற்பதே இல்லை, ஒவ்வொரு ட்ராக் நாளும் முடிந்ததும் வலையைக் கழற்றிப் பார்க்கிறேன். பேரிங் போனால் மின்னுவது உடனே கண்ணில் படும். பேப்பரில் அது முடியுமா?

செம்மண்_பட்டறை

ஏன் முடியாது? அறுத்துப் பார்க்க வேண்டியதுதான். ரம்பம் வேண்டாம், அதன் தூளே உள்ளே விழுந்து ஏமாற்றும். பைப் கட்டரைச் சுற்றினால் தகரம் சுத்தமாக வாய் திறக்கும். தம்பி, சனிக்கிழமை பழைய ஃபில்டரோடு வாருங்கள்.

பள்ளத்தூர்_விடெக்

போனேன். அண்ணன் அறுத்துப் பேப்பர் மடிப்பைப் பிரித்து, பட்டறை ஓரத்தில் கிடந்த ஒரு ஆத்தங்குடிக் கல்லின் மேல் விரித்துக் காட்டினார். மடிப்பின் அடியில் மணல் மாதிரி நறநற. காந்தம் வைத்தால் கொஞ்சம்தான் ஒட்டியது. ஒட்டாத வெள்ளை மினுக்கு இரண்டு மூன்று இருந்தது, செம்பு நிறம் இல்லை. “பயமில்லை, ஆனால் மண் ஏறுகிறது” என்றார். ரப்பர் வால்வை எடுத்து மடக்கினார், பொரித்த அப்பளம் மாதிரி முறிந்துவிட்டது.

சிலிக்கான் வால்வு வைத்த பேப்பர் ஃபில்டர் போட்டுக்கொண்டேன். பழைய ஏர் ஃபில்டர் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் திரும்ப மாட்டியாயிற்று. உறிஞ்சுகிற சத்தம் போய்விட்டது, அதில் வருத்தம்தான்.

ட்ராக்_பைத்தியம்

கூம்பைக் கழற்றிவிட்டீர்களா! சரி, வீட்டு வண்டிக்கு அது நியாயம் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த தடவை கரி வரும்போது ஒரு ஆயில் பிரஷர் மீட்டர் மாட்டிக்கொண்டு வாருங்கள். காலையில் உங்கள் பேப்பர், மத்தியானம் என் வலை, அதே ஆயில், அதே 7,000. எத்தனை பாயின்ட் வித்தியாசம் என்று மாமாவே குறித்துக்கொள்ளட்டும்.

மைக்ரான்_மாமா

வருகிறேன். ஆயில் சூட்டையும் சேர்த்துக் குறிக்க வேண்டும், இல்லாவிட்டால் மத்தியான வெயிலை வைத்து நீங்கள் கதை சொல்வீர்கள்.