புதுப்பிப்பு: கொறங்காட்டு மாடுகளுக்கு ஈக்கடி குறைந்தது

கொறங்காட்டில், அதாவது உயிர்வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தில், மேய விட்ட காங்கேயம் மாடுகள் ஈக்கடியில் காலை உதறிக்கொண்டே நிற்கின்றன என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வேப்பெண்ணெயும் புங்கெண்ணெயும் கலந்து தடவினோம். பூசிய அன்று நிம்மதி, அப்புறம் பழையபடிதான். கைகொடுத்தது, "ஈ எங்கே உட்காருகிறது பாருங்கள்" என்ற பதில். முதுகில் இல்லை, முழங்காலுக்குக் கீழே, தலையை மேல்நோக்கி வைத்து உட்கார்ந்திருந்தது. மூத்திரமும் சாணமும் ஊறி அழுகிய கூளத்தில் பெருகும் ஈ அது. தண்ணீர்த் தொட்டியோரம் மிதிபட்டுக் கிடந்த சோளத்தட்டை வாரி வெயிலில் மெல்லிசாகப் பரப்பினோம். உடனே குறையாது; முட்டை ஈயாக இரண்டு மூன்று வாரம் ஆகும், ஏற்கெனவே பொரித்தவையும் தீர வேண்டும்.

எதிர்பாராதது: கூளத்தைக் கிளறியதும் நாட்டுக்கோழிகள் புழுவுக்கு வந்துவிட்டன, பாதி வேலை அவைதான் செய்தன. வாலடியில் ஒட்டும் தட்டை ஈ மட்டும் இன்னும் போகவில்லை.